இருட்டுக்குள்ள இருந்த முகம்

நேத்து ராத்திரி ஒரு பழைய போட்டோவோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். அக்கா மக ஜன்னலோரமா நிக்குறா. பின்னாடி பளீர்னு வெளிச்சம், முகம் மட்டும் கரிக்கட்டை. நல்லவேளை, ரா ஃபைலா, அதாவது கேமரா சென்சார் பதிஞ்சதை அப்படியே வச்சிருக்குற ஃபைலா எடுத்து வச்சிருந்தேன். சாதாரண ஜேபெக் படத்துல ஒரு நிறத்துக்கு இருட்டுல இருந்து வெளிச்சம் வரைக்கும் 256 படிதான். 14 பிட் ராவுல 16,384. இருட்டைக் கிளறினா ஏதாவது சிக்கும்.

இருண்ட பகுதியை மட்டும் வெளிச்சமாக்குற ஷேடோ ஸ்லைடரைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன். மூக்கு வந்துச்சு, இமை முடி வந்துச்சு, கடைசியா கன்னத்துல காஞ்சுபோன ஒரு கண்ணீர்க் கோடு. அன்னிக்கு அழுதிருக்கா! எடுத்த எனக்கே இப்பதான் தெரியுது.

அப்புறம், தடவுற இடத்தை மட்டும் வெளுக்க வைக்குற டாட்ஜ் டூல், கண்ணுக்கு மட்டும் லேசா. ஃபிலிம் காலத்து இருட்டறையில, குச்சியில அட்டையை ஒட்டி, பிரிண்ட் மேல விழுற வெளிச்சத்தை மறைப்பாங்க. மறைச்ச இடம் வெளுத்து வரும். ஃபோட்டோஷாப்ல டாட்ஜ் டூலோட ஐகானே அந்தக் குச்சிதான். நான் ரொம்ப நாளா அதை பூதக்கண்ணாடின்னு நினைச்சிருந்தேன் 😄

வானம்தான் மசியல. படத்துல வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடம், முழு வெள்ளையைக் குறிக்குற வலது ஓரத்துல முட்டி நிக்குது, அங்க எதுவுமே பதியல. வேற வானத்தை ஒட்டிடலாம், ஒரு கிளிக்தான். மனசு வரல. வெள்ளையாவே இருக்கட்டும்.

திருப்தியா தூங்கிட்டு காலையில போன்ல பார்த்தா, புள்ள முகம் நீலம் பாரிச்சுக் கிடக்கு! ராத்திரி மானிட்டர்ல, கண்ணு கூசாம திரையை மஞ்சளாக்குற நைட் லைட் ஓடிட்டு இருந்திருக்கு. அந்த மஞ்சளைப் பார்த்து நான் நீலத்தை ஏத்தி வச்சிருக்கேன். நிறத்தைச் சரிபண்ணுற ஒயிட் பேலன்ஸ்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்.