மேசையின் ரிமோட்

ஆகஸ்ட் பிறந்தால் தென்னாப்பிரிக்காவில் பெண்களுக்கு மேடை கிடைத்துவிடும். 1956 ஆகஸ்ட் 9 அன்று கறுப்பர்கள் அனுமதிச் சீட்டோடுதான் நடமாட வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் யூனியன் பில்டிங்ஸ் வரை ஊர்வலம் போனார்கள். அந்த நாள் இப்போது அரசு விடுமுறை. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் கேக் வெட்டுவார்கள், வங்கியில் ரோஜாப்பூ கொடுப்பார்கள், கோயில் மண்டபத்தில் கூட்டம் போடுவார்கள். இந்த வருடம் டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு மண்டபத்தில் ‘மருத்துவத்தில் பெண்கள்’ என்று என்னைப் பேசச் சொன்னார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த நிர்வாகக் குழுவில் மருந்துக்கும் ஒரு பெண் இல்லை. சரி, அது போகட்டும். கொடுத்த நேரத்தில் பாதி வரவேற்புரைக்கே போய்விட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் சர்ஜன் இல்லை, மயக்க மருத்துவர். திருநெல்வேலியில் பிறந்து, கல்யாணமாகி டர்பனுக்கு வந்து சேர்ந்தவள். நோயாளியின் தலைமாட்டில், திரைக்கு இந்தப் பக்கம் நிற்பதுதான் என் வேலை. சர்ஜனுக்குத் தன் ஆபரேஷன் மட்டும்தான் தெரியும். எங்களுக்கு எல்லாருடைய ஆபரேஷனும் தெரியும். யார் கை நிதானமானது, யார் கத்துவார், யார் உதவியாளுக்குச் சொல்லிக்கொடுப்பார், யார் சொல்லிக்கொடுப்பதுபோல நடித்துவிட்டுத் தானே முடித்துவிடுவார், எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆகவே இதை பக்கத்து வீட்டுக்காரி சொல்லும் குடும்பக் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் ஆன்ட்டிகள் சூழ்ந்துகொண்டு கேட்டது ஒரே கேள்விதான். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். “நம்ம பிள்ளைங்க ஏழு பாடத்துல டிஸ்டிங்ஷன் வாங்கியும் மெடிக்கல் சீட் கிடைக்கலையே, அதைப் பேச மாட்டியா?” டர்பன் இந்திய வீடுகளில் இந்தக் குறை கேட்காத சாப்பாட்டு மேசை இல்லை. எனக்கு இதில் வேறு கருத்து உண்டு, சொன்னால் கோபம் வரும். 1951-இல் இங்கே மருத்துவக் கல்லூரி திறந்தது கறுப்பர், இந்தியர், கலப்பினத்தவர் என்று மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்டவர்களுக்காக. நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிகோ படித்த கல்லூரி அது. அந்தக் காலத்தில் ஒரே வேலைக்கு வெள்ளை டாக்டருக்கு ஒரு சம்பளம், மற்றவர்களுக்குக் குறைந்த சம்பளம். அந்தக் கணக்கை நேர் செய்ய இப்போது இன ஒதுக்கீடு வைக்கும்போது நம் பிள்ளைக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். லேப் வசதியே இல்லாத பள்ளியிலிருந்து, கறுப்பர்கள் வாழும் உம்லாசியின் பிள்ளை வாங்கும் மார்க்கும், டியூஷனோடு நம் பிள்ளை வாங்கும் மார்க்கும் ஒன்றென்று நான் நினைக்கவில்லை. கல்லூரி வாசலைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அங்கே இன்று பாதிக்கு மேல் பெண்கள்தான். கவலை எல்லாம் அதற்கப்புறம்.

இந்த நாட்டில் பெண் கத்தி பிடித்த கதை விசித்திரமாகத்தான் தொடங்குகிறது. 1826-இல் கேப்டவுனில் ஜேம்ஸ் பாரி என்ற ராணுவ டாக்டர் ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கிழித்துப் பிரசவம் பார்த்தார். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. மயக்க மருந்து என்ற ஒன்றே வராத காலம். என் தொழிலில் இருப்பவளுக்கு அதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. நன்றிக்கடனாகக் குழந்தைக்கு ஜேம்ஸ் பாரி மன்னிக் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் குடும்பங்களில் சுற்றி வந்து, பிற்பாடு பிரதமரான ஜே. பி. எம். ஹெர்ட்சாக் வரை ஒட்டிக்கொண்டது. 1865-இல் பாரி இறந்தபோது, உடலைக் கழுவியவள் இது பெண்ணுடல் என்றாள். அது வேஷமா, அவர் இயல்பே அதுதானா என்று இன்றும் வாதாடுகிறார்கள். பாவாடை கட்டி வந்திருந்தால் அந்தக் கத்தி கைக்கு வந்திருக்காது என்பதில் மட்டும் வாதமில்லை.

நூறு வருடம் கழித்து நம் டர்பனிலிருந்து கூனம் என்ற பெண் 1928-இல் கப்பலேறி எடின்பரோ போனார். 1936-இல் டாக்டராகத் திரும்பினார். தென்னாப்பிரிக்க இந்தியப் பெண்களில் முதல் டாக்டர். ஊசி போட்டுக்கொண்டு சும்மா இருந்தாரா என்றால் இல்லை. 1946-இல் சத்தியாக்கிரகம் செய்து சிறைக்கும் போனார். சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த என் அத்தையிடம் அவர் பெயரைச் சொன்னால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அண்மையில் என்றால், 2017-இல் ம்தாதாவைச் சேர்ந்த ந்குமிசா ஜிலாட்டா 29 வயதில் மூளை அறுவை நிபுணரானபோது பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. போட வேண்டியதுதான். ஆனால் முதல் பெண், இளம் பெண் என்று படம் போட்டு முடித்துவிடுவதில் ஒரு வசதி இருக்கிறது. அந்த இடத்துக்கு வருவதற்குள் அவர் கையில் கத்தியைக் கொடுத்தது யார், கொடுக்காதது யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

கொஞ்சம் வயதுக் கணக்குப் பார்ப்போம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் படிப்பு ஆறு வருடம். பிறகு இன்டர்ன்ஷிப் இரண்டு வருடம், எங்கே போடுகிறார்களோ அங்கே கம்யூனிட்டி சர்வீஸ் ஒரு வருடம். பதினெட்டில் சேர்ந்தவளுக்கு அப்போதே இருபத்தேழு. மெடிக்கல் ஆபீசராகக் கொஞ்ச காலம், முதல்கட்டத் தேர்வு, காலியிடத்துக்குக் காத்திருப்பு. ரெஜிஸ்ட்ராராக, அதாவது நிபுணராகப் பயிற்சி பெறும் டாக்டராக, உள்ளே நுழையும்போது முப்பதை ஒட்டிவிடும். அங்கே நாலைந்து வருடம். அதாவது நம் வீடுகளில் “இன்னும் எத்தனை நாள்?” என்று மாமியார் கேட்கும் வயசும், ராத்திரி மூன்று மணிக்கு வயிற்றைத் திறக்கும் வயசும் ஒன்றேதான். கண்ணுக்கும் தோலுக்கும் மயக்கத்துக்கும் பெண்கள் நகர்ந்து போவதை ‘விருப்பம்’ என்று எழுதிவிடுகிறார்கள். நானும் நகர்ந்தவள்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நகர்ந்தவர்கள் எல்லாரும் என்னைப்போல விருப்பப்பட்டு நகரவில்லை.

இப்போது ரிமோட்டுக்கு வருகிறேன். ஆபரேஷன் மேசையை ஏற்றி இறக்கும் ரிமோட் தலைமாட்டில், எங்கள் கையில்தான் இருக்கும். எங்கள் கன்சல்டன்ட், அதாவது மூத்த சர்ஜன், ஒருவர் ஆறடிக்கு மேல். அவர் வந்து நின்றதும் “மேலே, டாக்” என்பார். மேசை ஏறும். எதிரே நிற்கும் பெண் ரெஜிஸ்ட்ரார் உடனே ஏறி நிற்கும் படியைக் காலால் துழாவுவாள். ஒரு படி போதாது என்றால் சிஸ்டர் இன்னொன்றைத் தள்ளிவிடுவார். படி மேல் நின்றுகொண்டு வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் கொக்கியை மணிக்கணக்கில் பிடித்துக் கொடுப்பாள். அவளே முதல் சர்ஜனாக நிற்கும் நாளில் நான் மேசையை இறக்குவேன். அப்போது உயரமானவர் கூன் போட்டு நின்று இடுப்பு வலிக்கிறது என்பார். சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்றால் மேசை இன்னும் கீழே இறங்க வேண்டும், கைப்பிடி முழங்கை மட்டத்துக்கு வரவேண்டும் என்பதற்காக. குடலை இணைக்கும் ஸ்டேப்ளர் இருக்கிறதே, அதை ஏழரை எட்டு சைஸ் கிளவுஸ் போடுகிறவனை மனசில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆறு சைஸ் கைக்காரி இரண்டு கையாலும் பிடித்து அமுக்குவாள். அமுக்கிவிடுகிறாள், அதில் குறையில்லை. பார்த்துக்கொண்டிருப்பவர் “கஷ்டப்படுகிறாளே” என்று கையை நீட்டுகிறார் பாருங்கள், அங்கேதான் கேஸ் கை மாறிவிடுகிறது.

திட்டுகிறவர்களை விட இந்த ‘பாவம்’ பார்க்கிறவர்களைக் கண்டுதான் எனக்குப் பயம். திட்டினால் புகார் கொடுக்கலாம், பதிலுக்குத் திட்டலாம். பாவம் பார்ப்பவரை என்ன செய்வது?

ஒரு ராத்திரி. மாதக் கடைசி சனிக்கிழமை, சம்பள நாள். டர்பனில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வயிற்றில் குண்டு பாய்ந்த இளைஞன். ரெஜிஸ்ட்ரார் சாட்ஸ்வொர்த் பிள்ளை, தாத்தா கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம். திறந்ததும் ரத்தம் விளிம்புவரை நின்றது. ஈரல் கிழிந்திருக்கிறது, சிறுகுடலில் ஓட்டைகள். இரண்டு கையையும் உள்ளே விட்டு ஈரலை மூடிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “டாக், நிலைமை சொல்லுங்க.” சொன்னேன்: உடம்புச் சூடு 34, பிஎச் 7.1, எட்டாவது பை ரத்தம் ஏறுகிறது, ஊசி குத்திய இடமெல்லாம் கசிகிறது. குளிர்ச்சி, அமிலம், உறையாத ரத்தம். மூன்றும் சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் அழகாகத் தைத்துப் பிரயோஜனமில்லை, ஆள் மேசையிலேயே போய்விடுவான். கன்சல்டன்ட் போனில் ஸ்பீக்கரில் இருந்தார். “குடலையும் சேர்த்து முடித்துவிடேன்” என்றார். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “இல்ல ப்ரொஃப். ஈரலைச் சுத்தித் துணி வைக்கிறேன், குடல் முனையைக் கட்டி விடுறேன், வயிற்றைத் திறந்தபடியே ஐசியூவுக்கு அனுப்புறேன்.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சரி, உன் நோயாளி” என்றார்.

மேற்கொண்டு செய்து காட்டுவது எல்லாருக்கும் பிடிக்கும். போதும் என்று கையை எடுக்கத்தான் தைரியம் வேண்டும். தலைமைப் பண்பு என்று கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டுகிறார்களே, நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் சூடேறி, ரத்தம் உறைந்து, மறுபடி மேசைக்கு வந்தான். துணியை எடுத்துக் குடலை இணைக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் வேலை அதில்தான் இருக்கிறது. ஆபரேஷன் லிஸ்டில் வேறொரு ரெஜிஸ்ட்ரார் பெயர். கேட்டேன். “அவள் ராத்திரி முழுக்க நின்றாளே, பாவம், தூங்கட்டும் என்றுதான்.” இரண்டு நாளாகவா தூங்குவாள்? அவளை யாரும் கேட்கவே இல்லை. அவள் வார்டில் டிஸ்சார்ஜ் தாள் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசித் தேர்வுக்குப் போகும்போது எத்தனை கேஸ் செய்தாய் என்று பதிவேடு பேசும். பாவம் பார்த்ததற்கு அதில் கட்டம் கிடையாது.

நோயாளிகள் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டாக்டர்கள்மேல் மட்டும் பழி போட்டதாகிவிடும். பித்தப்பைக் கல்லுக்கு வந்த ஒரு ஆன்ட்டியிடம் கையெழுத்து வாங்க இதே பெண் போனாள். ஆன்ட்டிக்குக் கொஞ்சம் தமிழ் வரும். எங்களைப் பார்த்ததும் தூசி தட்டி எடுத்தார். “நீ போய் டாக்டரை அனுப்பு கண்ணு.” நான்தான் டாக்டர் என்றாள். நீதான் வெட்டுவியா என்றார். ஆமாம் என்றாள். ஆன்ட்டி அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சின்னக் கைதான். தழும்பும் சின்னதா இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டார். அறிவியலில் இதற்கு ஆதாரமில்லை. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. வயது, நோய், ஆஸ்பத்திரி எல்லாம் பொருத்திப் பார்த்ததில், பெண் சர்ஜன்களிடம் போனவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் சற்றுக் குறைவு. வித்தியாசம் ரொம்பச் சின்னது, மார்தட்ட ஒன்றுமில்லை. பெண்ணுக்குக் கை நடுங்கும் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்.

அப்புறம் உடை மாற்றும் அறை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பழைய ஆஸ்பத்திரியில் ஆண்கள் அறைக் கதவில் ‘டாக்டர்கள்’ என்றும் பெண்கள் அறையில் ‘நர்ஸ்கள்’ என்றும் எழுதியிருந்தது. போர்டு கிடக்கட்டும். நாளைய லிஸ்டில் யாருக்கு எது, எந்த மாநாட்டுக்கு யார், அடுத்த பதவிக்கு யார் என்பதெல்லாம் முதல் கதவுக்குள் சட்டை மாற்றும்போதே முடிவாகிவிடும். நாங்கள் நர்ஸ்களோடு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் செய்தி மட்டும் கிடைக்கும். (பிஸ்கட்டும் பேச்சும் எங்கள் பக்கம்தான் நன்றாக இருந்தது, அது வேறு.)

இப்போதைய இடத்தில் துறைத் தலைவராக ஒரு பெண் வந்தார். உரை ஒன்றும் ஆற்றவில்லை. தியேட்டர் காபி அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்: ஒவ்வொரு ரெஜிஸ்ட்ரார் பெயருக்கும் எதிரே, அந்த மாதம் முதல் சர்ஜனாகச் செய்தது எத்தனை, உதவியாக நின்றது எத்தனை. முதல் மாதம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பலர் காபி குடிக்காமலே போனார்கள். பெண்கள் பெயருக்கு எதிரே உதவிக் கணக்கு நீளமாக இருந்தது எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பார்க்காதது, லிம்போபோ மாகாணத்திலிருந்து வந்த, அதிகம் பேசாத ஒரு பையனின் எண் எல்லாரையும்விடக் கீழே இருந்தது. அவன் ரக்பி பேசமாட்டான், பார்ட்டிக்குப் போகமாட்டான். அவனையும் யாரும் வெறுக்கவில்லை. நினைவுக்கு வரவில்லை, அவ்வளவே. இப்போது அவன் வாரத்துக்கு ஒரு முழு லிஸ்ட் செய்கிறான். நன்றாகவே செய்கிறான், மெதுவாக.

அடுத்த தகராறு டியூட்டி ரோஸ்டர். நம் சாட்ஸ்வொர்த் பிள்ளை இப்போது கர்ப்பம். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பேறுகால விடுப்பு நான்கு மாதம் என்று எழுதினார்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும், முடிகிற இடத்தில், ராத்திரி வேலைக்குப் பதில் வேறு வேலை கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. தலைவர் அவளைக் கூப்பிட்டு “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். ராத்திரி வேண்டாம், பகல் லிஸ்டில் கை வைக்காதீர்கள் என்றாள். அப்படியே செய்தார். அவள் விட்ட ராத்திரிகள் மற்றவர்கள் தலையில் விழுந்தன, அவர்கள் முணுமுணுத்தார்கள். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 24 மணி நேர டியூட்டி முடித்தவன் முகத்தைத் தினமும் பார்க்கிறவள் நான். இரண்டு மெடிக்கல் ஆபீசர் பணியிடம் கேட்டுத் தலைவர் மேலே கடிதம் எழுதினார். பதில் இல்லை. போன வாரம் போன இரண்டாவது கடிதத்தில் முணுமுணுத்தவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். லிம்போபோப் பையன்தான் தாளைத் தியேட்டர் தியேட்டராகக் கொண்டு போய் வாங்கினான்.