தடிமனான இரண்டு கேபிள்கள்

ஒஹையோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றிருந்த 1950 ஷெவர்லே 3100 பிக்கப்பைச் சென்ற அக்டோபரில் வாங்கினேன். போருக்குப் பிறகு 1947இல் ஷெவர்லே புதிதாக வடிவமைத்த டிரக் வரிசையைச் சேர்ந்தது. வைக்கோல் கட்டும் தீவன மூட்டையும் சுமந்து தேய்ந்த வண்டி. உருண்டு திரண்ட அதன் முகத்தைப் பார்த்த அன்றே மனம் அதனிடம் போய்விட்டது.

பெயர் மாற்றம் எளிதாக முடிந்தது. விற்றவர் வண்டியின் உரிமைப் பத்திரத்தில் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டார். அதைக் கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இஞ்சின்தான் சோதித்தது. 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இஞ்சின், இம்மியும் அசையவில்லை. ஸ்பார்க் பிளக்குகள் ஆறையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரம் விட்டேன். பிறகு மூன்றாவது கியரில் போட்டு, நானும் மனைவியும் வண்டியை முன்னும் பின்னுமாகத் தள்ளினோம். நான்காம் நாள் மாலை, பிளக் துளையிலிருந்து "புஸ்" என்று காற்றும் எண்ணெயும் என் சட்டையில் தெறித்தன. பிஸ்டன் நகர்ந்துவிட்டது! வலுக்கட்டாயமாக நெம்பியிருந்தால் ஏதாவது உடைந்திருக்கும். பொறுமையாக இருங்கள்.

இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. உள்ளே பழைய பெட்ரோல் பிசினாகிக் கிடந்தது. டேங்கை இறக்கிக் கழுவி, கார்புரேட்டரையும் பிரித்துச் சுத்தம் செய்தேன்.

அதன் பிறகும் வண்டி கிளம்பவில்லை. இதில் சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது; ஆக்ஸிலரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டார்ட்டர் மிதியைக் காலால் அழுத்த வேண்டும். அழுத்தினேன். இஞ்சின் ஒரு முறை முனகும், அரைச்சுற்று சுற்றும், நின்றுவிடும். புதிய பேட்டரி போட்டேன். ஸ்டார்ட்டரைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்தேன். பனிக்காலம் முழுவதும் இப்படியே போயிற்று. இந்த வண்டியின் மின்னமைப்பு ஆறு வோல்ட். "இன்றைய கார்களைப் போலப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்" என்றுதான் பலரும் சொன்னார்கள்.

மாற்ற எனக்கு மனமில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒஹையோ குளிரில் தினமும் விடியற்காலையில் கிளம்பிய வண்டிக்கு இன்று மட்டும் ஆறு வோல்ட் ஏன் போதவில்லை? மனைவி மிதியை அழுத்த, நான் மல்டிமீட்டருடன் கீழே படுத்தேன். பேட்டரி முனையில் 5.4 வோல்ட், ஸ்டார்ட்டர் முனையில் 3.8. நடுவில் இருந்த கேபிள்தான் மீதியைத் தின்றுகொண்டிருந்தது.

யாரோ ஒருவர், பன்னிரண்டு வோல்ட் காருக்கான மெல்லிய கேபிளை இதில் மாட்டியிருக்கிறார். வோல்ட் பாதியானால், அதே வேலைக்கு மின்னோட்டம் இரண்டு மடங்கு வேண்டும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்தச் சுண்டுவிரல் கம்பி வழியே எப்படிப் பாயும்? கட்டைவிரல் பருமனில் இரண்டு கேபிள்கள் செய்துவாங்கினேன். எர்த் கேபிள் சேரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை உரசினேன். இந்த உரசலை யாரும் தவிர்க்க வேண்டாம்.

ஏப்ரல் மாத ஞாயிறு காலை. சோக்கை இழுத்து மிதியை அழுத்தினேன். இரண்டாவது முயற்சியில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை, பிறகு தையல் இயந்திரம் போன்ற சீரான ஓசை. எண்ணெய் அழுத்த முள் 14இல் நின்றது. இன்றைய கார் பழகியவர்களுக்குப் பகீரென்றிருக்கும். இந்த இஞ்சினுக்கு அது போதும். குறைந்த அழுத்தத்தில் எண்ணெயை வாரியிறைத்து ஓடும்படி அமைத்த இஞ்சின் இது.

பிரேக் வேலை இன்னும் பாக்கி. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அதற்கான மூடியின் திருகுகள் இரண்டு துருவேறி இறுகியிருக்கின்றன. அவற்றுக்கும் எண்ணெய் விட்டிருக்கிறேன்.