நாலு பழனிச்சாமியும் ஒரே புள்ளியும்

நூலக வேலைக்கு நடுவே பகுதி நேரமாகப் பிஎச்டி செய்தபோது, நூலகவியல் கட்டுரைகளை யார் யாரோடு சேர்ந்து எழுதுகிறார்கள் என்பதைத்தான் தலைப்பாக எடுத்திருந்தேன். ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் விவரங்களை இறக்கி விஓஎஸ்வியூவர் என்ற மென்பொருளில் கொடுத்தால், ஆளுக்கொரு புள்ளி வைத்து, சேர்ந்து எழுதியவர்களைக் கோட்டால் இணைத்துப் படம் வந்துவிடும், அப்புறம் எழுதுவதுதான் பாக்கி என்று நினைப்பு.

படம் வந்தது. நடுவில் பெரிதாக ஒரு புள்ளி, பழனிச்சாமி. இத்தனை பேரோடு சேர்ந்து எழுதுகிற ஆள் நம்ம கொங்குப் பக்கம் இருக்கிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து முகவரியைப் பார்த்தால், அது நாலு பேர்! ஒரே பெயர், ஒரே இன்ஷியல். ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பழனிச்சாமி என்று கூப்பிட்டால் பந்தியில் பாதிப் பேர் திரும்புவார்கள், அது தெரிந்த எனக்கே இது தோன்றவில்லை.

இதற்கு நேர்மாறும் உண்டு. ஒருவரே ஒரு கட்டுரையில் 'ஸ்வாமி', இன்னொன்றில் 'சாமி' என்று ஆங்கில எழுத்தை மாற்றிப் போட்டு மூன்று புள்ளியாகச் சிதறிக் கிடந்தார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, வெளிநாட்டு இதழின் படிவமோ அது இல்லாமல் நகராது. சரி என்று அப்பா பெயரை அதில் போட்டு, கடைசியில் அப்பா பெயரிலேயே ஆராய்ச்சியாளர் ஆனவர்கள் நிறையப் பேர். மொய் நோட்டில் ஊரும் தோட்டமும் சேர்த்து எழுதுவார்களே, அந்த வேலையை இங்கே செய்வது ஆர்கிட் எண், ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண். 16 இலக்கம், 2012-இல்தான் வந்தது, பழைய கட்டுரைகளுக்குக் கையால்தான் பிரிக்க வேண்டும்.

பெயர்களைப் பிரித்து முடிக்க மாதக்கணக்கில் ஆனது. அதன் பிறகு கணக்கு சுலபம். சேர்ந்து எழுதுவது எவ்வளவு என்று அளக்க, சுப்பிரமணியம் என்ற ஆய்வாளர் 1983-இல் சொன்ன சூத்திரம்: பலர் சேர்ந்து எழுதிய கட்டுரைகளை மொத்தக் கட்டுரைகளால் வகுக்க வேண்டும், 100-க்கு 70 என்றால் 0.70. ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு இரண்டு பேரும் ஒன்று, பத்துப் பேரும் ஒன்று. 1988-இல் வந்த கூட்டுக் கெழு என்ற இன்னொரு அளவு அதைக் கொஞ்சம் சரி செய்தது, தனியாள் கட்டுரைக்கு 0, இருவருக்கு 1/2, மூவருக்கு 2/3. இரண்டுமே பார்ப்பது தலைப்புக்குக் கீழே அச்சான பெயரை மட்டும்தான். அந்த இருவரில் ஒருவர் வழிகாட்டி, மற்றவர் மாணவர் என்பதோ, யார் உட்கார்ந்து எழுதினார் என்பதோ அதில் வராது.

என் கட்டுரையும் அப்படித்தான், வழிகாட்டி பெயரும் என் பெயரும். அச்சாகி வந்ததும் எங்கள் நூலக உதவியாளர் அக்கா, சாயங்காலமெல்லாம் என்னோடு உட்கார்ந்து முகவரிகளை ஒப்பிட்டவர், முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க சார், இதுல எம்பேரு எங்கீங்க?"

"கடைசிப் பக்கத்துல இருக்குதுங்க அக்கா, நன்றின்னு போட்டிருக்கேன் பாருங்க."

புரட்டிப் பார்த்தார். அங்கே இன்ஷியல் தப்பாக இருந்தது.