தொட்டால் பதில் சொல்லும் செடிகள்

செடியைத் தொட்டால் ஒலி எழுப்பும், ஒளி மாறும் கலைப்படைப்புகளை இப்போது பல கண்காட்சிகளில் காண முடிகிறது. இந்த வழியில் முன்னோடியாக நான் கருதுவது, கலைஞர்கள் கிறிஸ்டா சோமரரும் லோரன் மின்யோனோவும் 1992-இல் உருவாக்கிய படைப்பு. பார்வையாளர்கள் உண்மையான செடிகளை நெருங்கும்போதும் தொடும்போதும் ஏற்படும் மின்னழுத்த வேறுபாட்டைக் கணினி உணர்ந்து, திரையில் மெய்நிகர் செடிகளை வளரச் செய்தது.

தொழில்நுட்பத்தின் அடிப்படை எளிது. தொட்டியின் ஈர மண்ணில் செருகிய ஒரே ஒரு கம்பி போதும். செடி முழுவதும் நீரும் உப்புகளும் நிறைந்திருப்பதால் அதுவே உணரியாகிவிடுகிறது, விரல் இலையை எட்டியதும் மின்தேக்கு அளவு (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன்) சட்டென மாறுகிறது. தண்ணீர் ஊற்றிய பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. மண்ணில் ஈரம் கூடினாலும் அடிப்படை அளவே நகர்ந்துவிடும் என்பதால், இதைத் தாண்டினால் தொடுகை என்று மாறாத ஓர் எல்லையை நிரலில் எழுதிவைத்தால், யாரும் தொடாத செடி தானாகவே பாடத் தொடங்கிவிடும். ஆகவே, கடந்த சில நிமிடங்களின் சராசரியோடு ஒப்பிட்டு, திடீர் மாற்றத்தை மட்டுமே தொடுகையாகக் கொள்ளும்படி என் படைப்புகளுக்கு நிரல் எழுதுகிறேன்.

செடியை வெறும் பொத்தானாக்கும் படைப்புகள் எனக்கு உவப்பானவை அல்ல. அந்த இடத்தில் ஓர் உலோகத் தகட்டை வைத்தாலும் அதே ஒலிதான் வரும். இப்போது செய்துவரும் படைப்பில், மண் காயக் காய ஒலி தாழ்ந்து மெலியும். பலர் ஓயாமல் தொட்டுக்கொண்டிருந்தால் செடி சிறிது நேரம் பதிலளிக்க மறுக்கும். இலையைக் கிள்ளிப் பார்ப்பவர்களுக்கு என்ன செய்வது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.