இருக்கைக்கு அடியில் ஒரு சிறு பை

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடிவதற்கு முன், சிங்கப்பூரின் வடமேற்கில் கிராஞ்சியைத் தாண்டி நியோ தியூ சாலையில் போய்க்கொண்டிருந்தபோது என் அக்கா மகனுடைய சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. அவனிடம் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளும் கைத்தொலைபேசியும் மட்டுமே இருந்தன. “சிங்கப்பூர்லதானே மாமா ஓட்டுறோம், எங்க நின்னாலும் பக்கத்துல ஏதாவது இருக்கும்னு நினைச்சேன்” என்றான். கிழக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரே உள்ள தீவில் பிறந்து வளர்ந்தவன் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் இருந்தவை பண்ணைகளின் பூட்டிய வாயில்களும் தெருவிளக்குகளும்தாம்.

எம்ஆர்டி ரயிலில் ஏறிவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ரயிலில் மடக்கு சைக்கிளை மட்டுமே கொண்டு செல்லலாம். அதுவும் மடக்கிய நிலையில் 120 சென்டிமீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்க வேண்டும். சாலை சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. அடியில் கிளீட் (மிதியில் மாட்டிக்கொள்ளும் கொக்கி) பொருத்திய காலணியோடு வெகுதூரம் நடக்கவும் முடியாது. ஆகவே, எதை எடுத்துச் செல்வது என்று யோசிக்கும்போது நான் என்னையே கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இன்றைய பாதையில் வீட்டுக்கு மிகத் தொலைவான இடத்தில் தனியாக நின்றுவிட்டால், பிறர் உதவியின்றித் திரும்பிவர என்ன வேண்டும்?

அன்று என்னிடம் இரண்டு மாற்று டியூப்கள் இருந்தும் அவை அவனுக்கு உதவவில்லை. அவன் புதிதாக வாங்கியிருந்த சக்கரங்களின் ரிம் (டயர் அமரும் வளையம்) 50 மில்லிமீட்டர் ஆழமுள்ளது. என் டியூப்களின் வால்வு 48 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. உள்ளே மாட்டினால் பம்பின் வாயைப் பொருத்துவதற்கு வால்வு வெளியே தெரியவே தெரியாது. ஆழமான ரிம் வைத்திருப்பவர்கள் 80 மில்லிமீட்டர் வால்வுள்ள டியூப்பை அல்லது வால்வின் நீளத்தைக் கூட்டும் சிறு குழாயைத் தங்கள் பையிலேயே வைத்திருக்க வேண்டும். உடன் வருபவரிடம் டியூப் இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அது நம் சக்கரத்துக்குப் பொருந்துமா என்றும் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

எங்களைக் காப்பாற்றியது தபால்தலை அளவிலான ஒட்டு. பசை தனியாகத் தேவைப்படாத வகை அது. ஆறு ஒட்டுகள் கொண்ட பெட்டி ஒரு தீப்பெட்டி அளவுகூட இராது. அவனுடைய டியூப்பையே வெளியே எடுத்து, ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, வியர்வை சொட்டாதபடி கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு ஒட்டினேன். இங்குள்ள ஈரக்காற்றிலும் நம் வியர்வையிலும் ஒட்டு பிடிக்காமல் போவதற்கு டியூப்பின் மேற்பரப்பு முழுவதும் காயாததே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது; அதனால் ஒரு சிறு துணியை உறையில் போட்டு, நனையாமல் தனியாக வைத்திருக்கிறேன்.

ஒட்டுவதைவிடவும் முக்கியமானது, காற்று இறங்கியதற்கான காரணத்தைக் கண்டுபிடிப்பது. டயரில் அச்சிட்ட பெயர் எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி டயரை மாட்டும் வழக்கம் எனக்குண்டு. அப்படி மாட்டியிருந்தால், டியூப்பில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, டயரிலும் அதே தொலைவில், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தேடினால் போதும். லாரிகள் மிகுதியாக ஓடும் கிராஞ்சி, துவாஸ் சாலைகளில் நம் டயரைத் துளைப்பது பெரும்பாலும் ஆணியோ கண்ணாடியோ அன்று; வெடித்துச் சிதறிய லாரி டயர்களின் உள்ளிருந்து வரும், மயிரிழை போன்ற எஃகுக் கம்பி. கண்ணுக்கு எளிதில் தெரியாது. விரலால் தடவினால் குத்தும் என்பதால் துணியால் தடவுவேன். துணியின் நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே கம்பி இருக்கும். அதை எடுக்காமல் புது டியூப்பை மாட்டினால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடியும் நிற்க நேரும். டயரே கிழிந்துவிட்டால், இரண்டு வெள்ளி (டாலர்) பணத்தாளை மடித்துக் கிழிசலுக்கு உள்பக்கம் வைத்து மெதுவாக வீடு வந்து சேரலாம். நம் இரண்டு வெள்ளித் தாள் பாலிமரால் ஆனது. எளிதில் கிழியாது, நனைந்தாலும் கெடாது. வழியில் தேநீர் குடிக்கவும் அது உதவும் என்பதால் எப்போதும் மூன்று தாள்கள் பையில் இருக்கும்.

மாற்று டியூப்பை வாங்கிய பெட்டியோடு பையில் திணிப்பது தவறு. பெட்டி சில வாரங்களில் நைந்து, டயர் லீவரும் (டயரைக் கழற்றும் நெம்புகோல்) கருவிகளும் டியூப்பில் உரசி, பயன்படுத்தும் முன்பே ஓட்டை போட்டுவிடும். முகப்பவுடர் தூவி, ஒரு பழைய காலுறைக்குள் போட்டுச் சுருட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. கையில் கிரீஸ் படாமல் செயினைத் தொடவும் அந்தக் காலுறை பயன்படும்.

பம்பா, கரியமில வாயுக் குப்பியா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். 16 கிராம் குப்பி சில விநாடிகளில் டயரை நிரப்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு குப்பி ஒருமுறைக்குத்தான். வாயை ஒழுங்காகப் பொருத்தாவிட்டால் அத்தனையும் காற்றோடு போய்விடும். மேலும் அந்த வாயு ரப்பரின் வழியே விரைவாகக் கசிவதால் மறுநாள் டயர் தளர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் சாதாரணக் காற்றை அடித்துக்கொள்ள வேண்டும். நான் குப்பி ஒன்றும் கைப்பம்பு ஒன்றும் வைத்திருக்கிறேன். ஒன்றைத்தான் எடுத்துச் செல்ல முடியும் என்றால் பம்பையே எடுப்பேன். இருநூறு, முந்நூறு முறை அடிக்க வேண்டியிருந்தாலும், பம்பில் காற்று தீர்ந்துபோவதில்லை.

மற்றக் கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு டயர் லீவர்கள், செயின் வெட்டியும் சேர்ந்த ஒரு மடக்குக் கருவி, அறுந்த செயினைச் சேர்க்க, நம் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் ஓர் இணைப்புக் கண்ணி ஆகியவை போதும்.

குழுவில் யாரிடமாவது இருக்கும் என்ற நம்பிக்கையும் இப்போது முன்போல் செல்லாது. 2022 ஜனவரி 1 முதல், சாலையில் ஒற்றை வரிசையில் செல்லும் குழுவில் 5 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இருவர் இருவராகச் செல்ல அனுமதியுள்ள சாலைகளில் 10 பேர் வரை செல்லலாம். பெரிய குழுக்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, இடைவெளி விட்டு ஓட்டுகின்றன. பம்பு வைத்திருப்பவர் முன்னால் போன குழுவில் இருந்தால் பின்னால் நிற்பவருக்குப் பயனில்லை.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழுதான சைக்கிளைவிட உடலின் சோர்வுதான் இங்கே அதிகம் பேரை நிறுத்துகிறது. நான் ஒரு மாதம் முழுவதும் புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் எடை பார்த்துக் குறித்து வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் குடித்த நாளிலும்கூட ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. அதாவது மணிக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமாக வியர்த்திருக்கிறது. லிம் சூ காங் சாலையின் நேரான பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: போர் விமானங்கள் எழுந்து இறங்குவதற்கான ஓடுபாதையாகவும் முன்பு மாற்றப்பட்டிருக்கும் இடம் அது, வெயில் ஏறிய பிறகு ஒதுங்க ஒரு நிழல்கூட அங்கே கிடைக்காது. வெறும் தண்ணீரை மட்டும் மணிக்கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து, தலைவலியும் குமட்டலும் வரலாம். 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் அரை எலுமிச்சையைப் பிழிந்து, கால் தேக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் கலந்துகொள்கிறேன். இன்னொன்றில் வெறும் தண்ணீர். தின்பதற்கு வாழைப்பழமும் தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) வாங்கிய கடலை மிட்டாயும். சாக்லேட் பூசியவை முதுகுப் பையின் சூட்டில் உருகிவிடும். கடலை மிட்டாய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

விளக்கு இல்லாமல் விடியற்காலையில் புறப்படுபவர்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பதைக்கிறது. 1982 ஜனவரி 1 அன்று நம் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததால், இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டியே எழுகிறது. ஐந்தரைக்குப் புறப்பட்டால் ஒன்றரை மணி நேரம் இருட்டில்தான் ஓட்டுகிறோம். முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் சட்டப்படி தேவை. 2019 பிப்ரவரி முதல் சாலையில் தலைக்கவசமும் கட்டாயம். நான் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளைப் பொருத்துகிறேன், ஒன்றின் மின்கலம் தீர்ந்தாலும் மற்றொன்று எரியட்டும் என்று.

மழைச்சட்டை எடுத்துச் செல்வதில்லை. நம் வெப்பத்தில் அதை அணிந்தால் வியர்வையாலேயே நனைந்துவிடுவோம். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்று, விடியற்காலையில் சில நிமிடங்களில் வானத்தை மாற்றிவிடும். அப்போது பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கிக் காத்திருப்பதே ஒரே வழி. கைத்தொலைபேசியை நனையாத உறையில் போட்டு, அதனுடன் என் இரத்த வகையும் மனைவியின் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை வைத்திருக்கிறேன். தொலைபேசி பூட்டியிருந்தாலும், என்னைத் தூக்குபவர் 995ஐ அழைத்த பிறகு அடுத்து யாரை அழைப்பது என்று தெரிந்துகொள்ளலாம்.

அக்கா மகனுக்கு இப்போது 80 மில்லிமீட்டர் வால்வுள்ள இரண்டு டியூப்களை நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் சாங்கி கடலோரத்துக்குப் போய்வந்த பிறகு, வீட்டு வாசலில் சைக்கிளின் கைப்பிடிப் பகுதியில் படிந்த வியர்வையை நல்ல தண்ணீரால் கழுவச் சொன்னேன். கழுவாவிட்டால் திருகுகளும் பேரிங்கும் உப்பேறித் துருப்பிடித்துவிடும். கழுவி முடித்துக் குளிக்கப் போகும் முன், அன்று பயன்படுத்திய ஒட்டுக்குப் பதிலாக இன்னொன்றைத் தன் பையில் போட்டு மூடினான்.