தழும்போடு இருக்கும் தாய்

அம்மா வேண்டிக்கொண்டார், நடந்தது நான். தம்பிக்கு இதய ஆபரேஷன் என்றதும், "என் பெரிய பிள்ளை இருக்கிற நாட்டு மாதா கோயிலுக்கு அவனை நடந்தே அனுப்புறேன், வெள்ளியில இதயம் வைக்கிறேன், இவனைக் காப்பாத்திக் கொடு தாயே" என்று வேளாங்கண்ணியில் நேர்ந்துகொண்டாராம். தம்பி பிழைத்து எழுந்தான். வார்சாவில் வேலை பார்க்கும் எனக்குக் கூரியரில் வெள்ளி இதயம் வந்து சேர்ந்தது. அப்புறம் தப்பிக்க முடியுமா?

போலந்தில் மாதா கோயில் என்றால் செஸ்டகோவா ஊர்தான்; அங்கே ஒரு மடத்தில் மாதாவின் பழைய படம் இருக்கிறது. வார்சாவிலிருந்து அங்கே நடந்து போகும் வழக்கம் 1711-இல் கொள்ளைநோய்க் காலத்து வேண்டுதலாகத் தொடங்கியது. ஆகஸ்ட் 6 கிளம்பி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின நாள், 14-ஆம் தேதி போய்ச் சேருவார்கள். 1795 முதல் 1918 வரை, 123 வருஷம், ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்குபோட்டுக்கொண்டதில் போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் கிடையாது. அப்போதும் இந்தப் பயணம் நிற்கவில்லை.

வழி சுலபமில்லை. தார் ரோட்டு வெயிலில் குதிகால் கொப்புளித்து, உடைந்து, காலுறை ஒட்டிக்கொண்டு, ராத்திரி அதை உரிக்கும்போது அம்மா மேலேயே கோபம் வந்தது. ஆனால் கிராமத்துக்குக் கிராமம் வீட்டு வாசலில் பழரசமும் ரொட்டியும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், "எங்களுக்காகவும் வேண்டிக்கோங்க" என்று கையைப் பிடிக்கிறார்கள். கூட நடந்த ஒரு பாட்டி தன் சின்ன வயசுக் கதை சொன்னார். 1966, போலந்து ஞானஸ்நானம் பெற்று ஆயிரம் வருஷம். ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த மாதா படத்தின் நகலை கம்யூனிஸ்ட் அரசு பிடித்து, மடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று நிறுத்திவிட்டது. ஜனங்கள் படமில்லாத வெறும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள், 1972 வரைக்கும். அந்தச் சட்டத்துக்கு முன்னால் தன் அம்மா முழங்கால் போட்டு அழுததைச் சொல்லும்போது பாட்டிக்குக் குரல் உடைந்தது. எனக்கும்தான்.

ஊரை நெருங்கும்போது ஒரு மேடு வருகிறது, அங்கே நின்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மாதாவிடம் போக வேண்டும். முந்தின இரவு கொட்டகையில் என் இடத்தில் படுத்துக்கொண்டு நகர மறுத்த மனிதர் தேடி வந்து கட்டிக்கொண்டார்.

சரி, செஸ்டகோவாவுக்குள் வந்தால் பக்தி கொஞ்சம் சோதனைக்குள்ளாகிறது. பிளாஸ்டிக் மாதா விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், பேசி வைத்த அறைக்கு வீட்டுக்காரர் திருநாள் என்று இரண்டு மடங்கு கேட்டார். படம் இருக்கிற சிற்றாலயத்துக்குள் நெரிசலில் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள், முன்னால் நின்றவர்களின் செல்போனைத்தான் பார்த்தேன்.

அதனால் மறுநாள் விடியற்காலையே போய் நின்றேன். ஆறு மணிக்கு எக்காளமும் முரசும் முழங்க, படத்தை மூடியிருக்கும் தகடு மெல்ல மேலே ஏறியது. முதலில் குழந்தை இயேசு, கை, தோள், அப்புறம் அந்த முகம். நம் ஊர்ப் பெண்ணின் நிறம். வலது கன்னத்தில் இரண்டு நீளமான வெட்டுகள். 1430-இல் கொள்ளையர் வாளால் கீறியது. ராஜா யாகியெவோ கிராக்கோவில் படத்தைச் செப்பனிட வைத்தும் தழும்பு தழும்பாகவே இருக்கிறது, வண்ணம் பூசப்பூச மறுபடி தெரிந்ததாகச் சொல்வார்கள். 1655-இல் ஸ்வீடன் படை முற்றுகையிட்டபோது மடத் தலைவர் கோர்தெட்ஸ்கி பணியாமல் காத்தது இந்தத் தாயின் மடத்தைத்தான். மறு வருஷம் ராஜா யான் காஜிமிர் "நீயே போலந்தின் அரசி" என்று லிவிவ் நகரத்தில் சத்தியம் செய்தது மாதாவிடம்தான். எனக்கு அதெல்லாம் நினைவில் இல்லை அப்போது. தம்பியின் நெஞ்சில் இருக்கிற நீளத் தையல்தான் கண்ணில் வந்தது. நீயும் வெட்டுப்பட்டவளா அம்மா என்று தமிழில் சத்தமாகவே கேட்டுவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும்.

பீடத்தைச் சுற்றி முழங்காலில் போனேன். சுவர் முழுக்க ஊன்றுகோல்கள், பவள மாலைகள், வெள்ளி இதயங்கள். எங்களுடையதைத் துறவியிடம் கொடுத்தேன், தம்பி பெயரைக் கேட்டு எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். தாயே, கோடி நன்றி, அவன் இப்போது மாடிப்படி ஏறுகிறான், சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான், இதைவிட எனக்கென்ன வேண்டும். அடுத்த ஆகஸ்டுக்கும் நான் பெயர் கொடுத்தாயிற்று, இந்தத் தடவை அம்மா சொல்லி அல்ல.