வாஷாக்கி விற்ற வெந்நீர் ஊற்று

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் நடுப்பகுதியில் தெர்மோபொலிஸ் என்றொரு சின்ன ஊர். அங்கே மாநில அரசு நடத்தும் குளியல் இல்லத்தில் கட்டணம் கிடையாது. பெயரைப் பதிந்துவிட்டு இறங்கலாம், 20 நிமிடம் ஊறலாம். துண்டு, நீச்சல் உடை கொண்டுவராதவர்கள் சிறு தொகை கொடுத்து வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஏன் இலவசம் என்று உள்ளூரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ஷோஷோனிப் பழங்குடித் தலைவர் வாஷாக்கி இந்த வெந்நீர் ஊற்றை எல்லா மக்களுக்கும் கொடையாகக் கொடுத்தார், அந்த வாக்கைக் காப்பாற்றுகிறோம் என்பார்கள். 'நீரின் கொடை' என்ற பெயரில் ஒரு நாடகம்கூட அந்த ஊற்றங்கரையில் நடப்பதுண்டு. முதல் முறை நடந்தது 1925இல்.

கொடை என்ற அந்தச் சொல் சரியில்லை. நடந்தது விற்பனை. அதுவும் விற்பவரிடம் பேரம் பேசும் பலம் ஏறக்குறைய ஒன்றுமில்லாத நேரத்தில் நடந்த விற்பனை. இதைச் சொல்வதால் வாஷாக்கியின் பெருமை குறையாது. அவர் எதை எந்த விலைக்கு எந்தச் சூழலில் விட்டுக்கொடுத்தார் என்று கணக்குப் பார்த்தால்தான் அவர் யார் என்பதே புரியும்.

அவர் பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டையொட்டி என்று பொதுவாகச் சொல்வார்கள். தகப்பனார் ஃப்ளாட்ஹெட் இனத்தவர், தாயார் ஷோஷோனி. 1840கள், 50களில் கிழக்கு ஷோஷோனியரின் முதன்மைத் தலைவராக அவர் அறியப்பட்டபோது, ஓரிகனுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போகும் மாட்டுவண்டிகள் அவர்கள் நிலத்தின் குறுக்கே வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வடக்கே குரோ, கிழக்கே லகோட்டா, ஷையென், அரப்பஹோ என்று சுற்றிலும் பகைப் பழங்குடிகள். வெள்ளையரோடு போர் வேண்டாம், பேச்சுவார்த்தையில் பெற முடிந்ததைப் பெறுவோம் என்று அவர் முடிவெடுத்தார். கோழைத்தனம் என்று அதைச் சொல்ல முடியாது. 1876இல் அமெரிக்க இராணுவத்தின் ஜெனரல் குரூக்கின் படைக்கு லகோட்டாவுக்கு எதிராகத் துணை நின்றவர்கள் அவருடைய வீரர்கள்தான்.

அந்தப் பேச்சுவார்த்தைகள் என்ன கொடுத்தன, என்ன எடுத்தன என்று பாருங்கள். 1863இல் ஃபோர்ட் பிரிட்ஜரில் அமெரிக்க அரசோடு போட்ட முதல் உடன்படிக்கை ஷோஷோனியரின் நாடாக ஏறத்தாழ 4.4 கோடி ஏக்கரைக் குறித்தது. ஐந்தே ஆண்டில், 1868 ஜூலை 3 அன்று, அதே இடத்தில் இரண்டாவது உடன்படிக்கை. இம்முறை 30 லட்சம் ஏக்கருக்குச் சற்று மேல். ஆனால் அந்த நிலம் எது என்பதில் வாஷாக்கியின் பேச்சு எடுபட்டது. குளிர்காலத்திலும் புல் கிடைக்கும், காற்று பனியை ஒதுக்கித் தள்ளிவிடும், அதனால் 'வெதுவெதுப்பான பள்ளத்தாக்கு' என்று அவர்கள் அழைத்த விண்ட் ரிவர் பள்ளத்தாக்கைத்தான் அவர் கேட்டு வாங்கினார். பல பழங்குடியினர் முன்பின் பார்த்திராத வறண்ட நிலத்துக்கு விரட்டப்பட்ட காலம் அது. தங்களுக்குப் பிடித்த நிலத்திலேயே தங்க முடிந்தது அவர்களுக்குப் பெரிய காரியம்.

பிறகு ஒவ்வொரு துண்டாகப் போக ஆரம்பித்தது. தெற்கே சவுத் பாஸ் பக்கம் தங்கம் கிடைத்துச் சுரங்கக்காரர்கள் குடியேறிவிட்டார்கள். 1872இல் புரூனோ என்ற அரசுப் பிரதிநிதி வந்து தெற்குப் பகுதியில் ஏறத்தாழ 7 லட்சம் ஏக்கரை 25,000 டாலருக்கு வாங்கினார். அதையும் ரொக்கமாகத் தரவில்லை. ஆண்டுக்கு 5,000 டாலர் மதிப்புள்ள மாடுகள் வீதம் ஐந்து ஆண்டு. வாஷாக்கிக்கென்று தனியாக ஆண்டுக்கு 500 டாலர், அதுவும் ஐந்து ஆண்டுக்கு. வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு நான்கு சென்ட்கூட வராது.

1878இல் பட்டாளக் காவலோடு வடக்கு அரப்பஹோ மக்களை, உடன்படிக்கைப்படி ஷோஷோனியருக்கென்று ஒதுக்கிய அதே ஒதுக்கீட்டு நிலத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பகையாளிகள் அவர்கள். தற்காலிகம்தான் என்று சொல்லப்பட்டது. வாஷாக்கி எதிர்ப்புத் தெரிவித்தார், யாரும் கேட்கவில்லை. அரப்பஹோ மக்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் மீதும் குற்றமில்லை, அவர்களுக்கும் போக வேறு இடம் தரப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அங்கிருந்த கேம்ப் பிரவுன் முகாமுக்கு ஃபோர்ட் வாஷாக்கி என்று அவர் பெயரையே வைத்தார்கள். பெயரைக் கொடுத்தார்கள், பாதி நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

வெந்நீர் ஊற்றின் கதை இதற்குப் பிறகு வருகிறது. 1880களில் காட்டெருமை அடியோடு போய்விட்டது. இறைச்சி, தோல், கூடாரம் எல்லாவற்றுக்கும் அதையே நம்பியிருந்தவர்கள் அரசு அளக்கும் ரேஷனுக்குக் கையேந்த வேண்டியதாயிற்று. 1896 ஏப்ரல் 21 அன்று ஜேம்ஸ் மெக்லாக்லின் என்ற அரசு ஆய்வாளர் பேச வந்தபோது நிலைமை இதுதான். அவர் வாங்க வந்த நிலத்தின் எல்லை இது: ஒதுக்கீட்டு நிலத்தின் வடகிழக்கு மூலையில், அவுல் க்ரீக் ஓடை பிக்ஹார்ன் ஆற்றில் கலக்கும் இடத்திலிருந்து தெற்கே 10 மைல், அங்கிருந்து மேற்கே 10 மைல், பிறகு வடக்கே ஓடை வரை, ஓடையின் நடுவழியே திரும்பித் தொடங்கிய இடத்துக்கு. பெரிய ஊற்று அந்தக் கட்டத்துக்குள் இருந்தது. விலை 60,000 டாலர். 10,000 டாலர் ஆளுக்கு இவ்வளவு என்று ரொக்கமாக, மீதி ஐந்து ஆண்டுத் தவணையாக. ஷோஷோனியர் தரப்பில் வாஷாக்கியும், அரப்பஹோ தரப்பில் ஷார்ப் நோஸும் சம்மதித்தார்கள். 1897 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது.

பத்துக்குப் பத்து மைல் என்றால் முழுச் சதுரமாக 64,000 ஏக்கர். ஓடை நேராக ஓடாததால் உண்மையில் அதைவிடக் குறைவு. எப்படிப் பார்த்தாலும் ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டாலர். 1872இன் நான்கு சென்ட்டோடு ஒப்பிட்டால் நல்ல விலை மாதிரித் தோன்றும். ஆனால் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அரப்பஹோ குடியேற்றத்துக்கு நஷ்டஈடு கேட்டு ஷோஷோனியர் போட்ட வழக்கு 1938இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நிலத்தோடு சேர்த்து அதிலுள்ள கனிமமும் மரமும் பழங்குடியினருக்கே சொந்தம் என்று தீர்ப்பு. வட்டியோடு கிடைத்த தொகை 44 லட்சம் டாலருக்கு மேல். அந்த வழக்கில் 1878ஆம் ஆண்டு நிலவரப்படி நிலத்துக்குப் போட்ட மதிப்பு ஏக்கருக்கு 1 டாலர் 35 சென்ட். அதாவது மேய்ச்சல் காடும் பாறையும் சேர்ந்த மொத்த நிலத்தின் சராசரியே அவ்வளவு. பதினெட்டு ஆண்டு கழித்து, அந்த வட்டாரத்திலேயே பேர்போன ஊற்று இருந்த நிலம் அதைவிடக் குறைவாகப் போயிருக்கிறது. இதைத்தான் கொடை என்கிறார்கள்.

ஊற்றைச் சுற்றி ஒரு சதுர மைல் வயோமிங் மாநிலத்தின் கைக்குப் போய், மாநிலத்தின் முதல் பூங்காவானது. மீதி நிலத்தில் குடியேறிகள் வந்தார்கள். வாஷாக்கி 1900 பிப்ரவரி 20 அன்று காலமானார். முழு இராணுவ மரியாதையோடு ஃபோர்ட் வாஷாக்கியில் அடக்கம் செய்தார்கள்.

இனி ஊற்றைப் பற்றி. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிற வழியில் இருப்பதால் இதுவும் எரிமலைச் சூடு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. தெற்கே அவுல் க்ரீக் மலையில் பெய்யும் மழையும் உருகும் பனியும் சுண்ணாம்புப் பாறை, மணற்பாறை அடுக்குகளுக்குள் இறங்குகின்றன. அந்த அடுக்குகள் வடக்கு நோக்கிச் சரிந்து ஆழத்துக்குப் போகின்றன. பூமிக்குள் ஆழம் கூடக் கூடச் சூடும் கூடும் அல்லவா, அந்தச் சூடுதான் தண்ணீரைக் காய்ச்சுகிறது. தெர்மோபொலிஸ் அருகே அதே அடுக்குகள் ஒரு கூன்முதுகு போல மேலே வளைகின்றன. வளைவின் உச்சியில் பாறை விரிசல் விட்டிருக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் நீர் அந்த விரிசல் வழியே சிவப்புப் பாறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

வரும்போது 127 முதல் 135 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 53 முதல் 57 டிகிரி செல்சியஸ். இந்தச் சூட்டில் கை வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் தோல் வெந்துவிடும். அதனால்தான் பெரிய ஊற்றுக்கு வேலி. குளியல் இல்லத்தில் அதைத் தணித்து 104 டிகிரி ஃபாரன்ஹீட்டாக வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுத் தெர்மாமீட்டரில் 104 காட்டினால் பதறிப்போய் டாக்டரிடம் ஓடுவோம். உடம்பைச் சுற்றி அந்தச் சூட்டில் தண்ணீர் இருந்தால் வியர்வை ஆறாது, உள்சூடு ஏறிக்கொண்டே போகும். இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். 20 நிமிடம் என்ற கணக்கு இதற்காகத்தான். பெரும்பாலும் தவறு நடப்பது உள்ளே இருக்கும்போது இல்லை, எழுந்திருக்கும்போது. சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். முதலில் படியில் உட்கார்ந்து, கால் மட்டும் நீரில் இருக்க, ஒன்றிரண்டு நிமிடம் கழித்து எழுந்தால் தொல்லையில்லை. இறங்குமுன் ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் குடித்துவிடுங்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரம், காற்று வறட்சி, தாகம் தெரியாமலே உடம்பு காய்ந்துவிடும். மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது. இதய நோயாளிகள், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். தலையை முக்காதீர்கள். வெதுவெதுப்பான இயற்கை நீரில் மூக்கு வழியே மூளைக்குப் போகும் அமீபா இருக்க வாய்ப்புண்டு. அது அபூர்வம், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம்.

வெள்ளிக் கொலுசு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். நீரில் கந்தகம் இருப்பதால் சில நிமிடத்தில் கறுத்துவிடும். அழுகிய முட்டை வாடை வருவதும் அதனால்தான். மூட்டு விறைப்புக்கும் தசைவலிக்கும் இந்தக் குளியல் இதமாக இருக்கும், அது சூட்டின் வேலை. நோயைத் தீர்க்கும் என்று மருந்தை நிறுத்துவது ஆபத்து.

ஊற்றிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் படிப்படியான திட்டுகளை நின்று பார்க்க வேண்டும். நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. கரைத்து வைத்திருப்பது கரியமில வாயு. சோடா பாட்டிலைத் திறந்ததும் வாயு வெளியேறுவது போல, நீர் வெளிக்காற்றுக்கு வந்ததும் வாயு போய்விடுகிறது, சுண்ணாம்பு படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுமே, அதேதான். விளிம்பில் நீர் மெல்லிய படலமாக வழியும் இடத்தில் வாயு வேகமாகப் போவதால் அங்கேதான் அதிகம் படியும். விளிம்பு உயரும், பின்னால் குட்டை தேங்கும், திரும்ப விளிம்பு உயரும். மஞ்சளும் பச்சையும் பழுப்புமாகத் தெரிவது நுண்ணுயிர்கள். சூடு குறையக் குறைய ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் வரும். நீர் வராத திட்டு சில நாளில் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். மேலோடு மெல்லியது, கீழே வெந்நீர்.

குழாய்களுக்கு இதுவே பெரிய தலைவலி, உட்புறம் பொருக்குக் கட்டி அடைத்துக்கொண்டே வரும். 1909இல் வெந்நீர்க் குழாயின் ஆவி வெளியேறுவதற்காகக் கல்லடுக்கிக் கட்டிய ஓர் அமைப்பு, நூறு ஆண்டுக்கு மேல் படிந்த சுண்ணாம்பில் தன் வடிவமே மறைந்து, பழங்குடியினரின் கூடாரம் போலவே நிற்கிறது. டீப்பி ஊற்று என்று பெயர்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஃபோர்ட் வாஷாக்கிக்குப் பக்கத்திலும் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. அது விற்கப்படவில்லை, இன்றும் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் இருக்கிறது. தேடுபொறியில் 'வாஷாக்கி ஊற்று' என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். தெர்மோபொலிஸுக்குப் போக வேண்டியவர் அங்கே போய் நிற்பார். அந்த ஊற்றுக்குப் போக விரும்பினால் பழங்குடி நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு, அனுமதி உண்டா என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முடிந்தால் தெற்கே ஷோஷோனி ஊரிலிருந்து விண்ட் ரிவர் ஆறு குடைந்து போகும் மலையிடுக்கு வழியாக வாருங்கள். ஏறத்தாழ 32 மைல். பாறை அடுக்குகளின் பெயரும் வயதும் சாலையோரப் பலகைகளில் இருக்கும். தெற்கே 200 கோடி ஆண்டுக்கும் மூத்த பாறையில் தொடங்கி, வடக்கே வர வர இளைய பாறையாக மாறும். ஊற்றுநீர் இறங்கிப் போகும் அடுக்குகள் இவைதான். மலையிடுக்கு முடியும் இடத்தில் ஆற்றின் பெயர் விண்ட் ரிவரிலிருந்து பிக்ஹார்ன் ஆகிவிடும். இரண்டு ஆறு அங்கே கலப்பதில்லை, ஒரே ஆறு, பெயர்தான் இரண்டு. ஆனால் தூண்டில் போடுகிறவர்கள் அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கீழே வயோமிங் மாநில உரிமம் போதும். மேலே, மலையிடுக்குக்குள், அது செல்லாது. அந்த நீர் இன்னும் ஷோஷோனி, அரப்பஹோ மக்களுடையது, அவர்களிடம்தான் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.